தெசலியில் ஒரு பழைய மஸ்கட் தோட்டம்: வைத்துக்கொள்வதா, லிம்னியோனாவுக்கு மாறுவதா?

கிரேக்கத்தின் நடுவே பரந்து கிடக்கும் தெசலிச் சமவெளி, லாரிசா நகரைத் தாண்டி வடமேற்கே செல்லச் செல்ல மெல்ல மேடாகி, ஒலிம்பஸ் மலைத்தொடரின் அடிவாரக் குன்றுகளோடு சேர்கிறது. அந்த மேடு தொடங்கும் இடத்தில், டிடாரிசியோஸ் ஆற்றை ஒட்டி அமைந்திருக்கிறது திர்னாவோஸ். கடலுக்கும் இந்த ஊருக்கும் நடுவே ஒலிம்பஸும் ஒஸ்ஸாவும் நிற்பதால், தீவுகளின் திராட்சைத் தோட்டங்களைக் குளிர்விக்கும் கடற்காற்று இங்கே எட்டுவதில்லை. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. குளிர்காலத்தில் உறைபனி விழும். இந்த உள்நாட்டு மண்ணில் தலைமுறைகளாக வேரூன்றியிருக்கும் கறுப்புத் திராட்சை, ஹாம்பர்க் மஸ்கட் என்று உலகம் அறிந்திருக்கும் இனம்.

தமிழ் வாசகருக்கு இந்த இனம் அந்நியமானதன்று. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகத் தொங்குவதும், 2023இல் புவிசார் குறியீடு பெற்றதுமான பன்னீர் திராட்சை இதே ஹாம்பர்க் மஸ்கட்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துக் கண்ணாடிக் கூடங்களில், ஸ்கியாவா க்ரோசா என்ற பெருங்குலைத் திராட்சையையும் அலெக்சாண்ட்ரியா மஸ்கட்டையும் கலந்து உருவாக்கப்பட்ட ஒரு கலப்பினம், ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் மறுபுறம் ஒலிம்பஸ் அடிவாரத்திலும் ஏழை உழவரின் வாழ்வாதாரமாகி நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அதனாலேயே, திர்னாவோஸ் உழவர்கள் இப்போது எதிர்கொள்ளும் ஒரு கேள்வியை எங்கோ நடக்கும் செய்தியாக என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. பழைய மஸ்கட் கொடிகளை வைத்துக்கொள்வதா, அல்லது அவற்றை எடுத்துவிட்டு வேறு இனத்தை நடுவதா என்பதே அந்தக் கேள்வி.

ஒப்பீடு தெளிவாக இருக்க ஒரு தோட்டத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கிரேக்க உழவர்கள் நிலத்தை ஸ்ட்ரெம்மா கணக்கில் அளக்கிறார்கள். ஒரு ஸ்ட்ரெம்மா 1,000 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட். நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்துக்கு 20 ஸ்ட்ரெம்மா, அதாவது ஏறக்குறைய ஐந்து ஏக்கர் இருக்கிறது. முழுவதும் 35 ஆண்டு வயதான மஸ்கட். அதில் ஒரு பகுதி ஆற்றோர வண்டல் நிலம். மறு பகுதி குன்றின் சரிவில் கல் கலந்த மெலிந்த மண். அங்கங்கே கொடிகள் பட்டுப்போய் வரிசையில் இடைவெளி விழுந்திருக்கிறது. தந்தைக்கு வயதாகிவிட்டது, பொறுப்பேற்கும் மகளோ மகனோ இன்னும் 30 ஆண்டுகளுக்கு நிற்கப்போகும் ஒரு முடிவை எடுக்க வேண்டும். அவர்கள் முன் இருக்கும் வழிகள் நான்கு. மஸ்கட்டையே தொடரலாம், தெசலியின் சொந்தச் சிவப்பு இனமான லிம்னியோனாவுக்கு மாறலாம், மலகூசியா போன்ற வெள்ளை இனங்களை நடலாம், அல்லது ஷார்டனே, கேபர்னே போன்ற பிரெஞ்சு இனங்களைக் கொண்டுவரலாம்.

இந்த நான்கையும் எடைபோடுவதற்கு முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: அறுவடையான பழம் யாரிடம் போகிறது? கிலோ கணக்கில் கூட்டுறவுச் சங்கத்துக்கோ வடிப்பாலைக்கோ விற்கும் உழவருக்கு விளைச்சலின் எடையே வருமானம். சொந்தமாக ஒயின் செய்து பாட்டிலில் அடைத்து விற்பவருக்கோ எடை குறைந்தாலும் தரம் கூடினால் வருமானம் கூடும். ஒரே கொடி முதலாமவருக்கு நட்டமாகவும் இரண்டாமவருக்கு இலாபமாகவும் இருக்கக்கூடும். எந்த இனம் உயர்ந்தது என்று பொதுவாக நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் போவதால்தான் பயனற்றுப் போகின்றன.

மஸ்கட்டின் பெரும்பலம் அதன் மணம். லினலூல், ஜெரனியோல், நெரோல் முதலிய சேர்மங்கள் அதன் தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் நிறைந்திருக்கின்றன. ரோஜாவின் மணத்துக்குக் காரணமான சேர்மங்களில் ஜெரனியோலும் நெரோலும் அடங்கும் என்பதால், பன்னீர் என்று நம்மவர்கள் வைத்த பெயர் வேதியியலும் ஒப்புக்கொள்ளும் பெயராக அமைந்துவிட்டது. இந்த மணத்தைத் திர்னாவோஸ் மக்கள் ஒயினைக் காட்டிலும் சிபுரோ என்னும் வடிமதுவில்தான் முழுமையாகப் பயன்படுத்தினார்கள். திராட்சையைப் பிழிந்தபின் எஞ்சும் தோலும் விதையும் சேர்ந்த சக்கையை நொதிக்கவிட்டுச் செப்புக் கொப்பரையில் காய்ச்சி வடித்தால் சிபுரோ கிடைக்கிறது. மற்ற ஊர்களில் சக்கை என்பது ஒயின் செய்தபின் மிஞ்சும் கழிவு. இங்கேயோ சக்கைக்கென்றே பழம் வளர்க்கும் வழக்கம் உருவானது. தெசலியில் பெருஞ்சீரகத்தின் மணம் கொண்ட சோம்பு வகையைச் சேர்த்து வடிப்பதும் உண்டு, சேர்க்காமல் மஸ்கட்டின் மணத்தை மட்டும் நம்பி வடிப்பதும் உண்டு. திர்னாவோஸ் சிபுரோ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. ஆகவே மஸ்கட்டை முற்றிலும் பிடுங்குபவர், சட்டப் பாதுகாப்போடு ஊர்ப்பெயரைத் தாங்கி நிற்கும் ஒரு பொருளின் மூலப்பொருளையே பிடுங்குகிறார் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் சிபுரோவை மட்டும் நம்பியிருப்பதில் ஓர் ஆபத்து உள்ளது. கிரேக்க அரசு நெடுங்காலமாகச் சிபுரோவுக்கு வரிச்சலுகை அளித்துவந்தது. பதிவுபெற்ற ஆலைகளுக்குப் பாதி வரி. இலையுதிர் காலத்தில் குறுகிய அனுமதி பெற்றுக் கொப்பரை ஏற்றும் சிறு உழவர்களுக்கோ கிலோவுக்கு 59 யூரோ சென்ட் என்ற மிகக் குறைந்த நிலையான வரி. 2019 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், இந்தச் சலுகைகள் ஒன்றியத்தின் சட்டத்துக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. அதன்பின் விதிகள் எப்படித் திருத்தப்பட்டாலும், வரிக்கொள்கை ஒன்றைத் தூணாகக் கொண்டு 30 ஆண்டுப் பயிரை நடுவது விவேகமாகாது என்ற பாடம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. மஸ்கட்டைத் தொடர்பவர், சிபுரோவின் சந்தை சுருங்கினாலும் பழத்துக்கு வேறொரு வழி இருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த வேறு வழி மேசைப் பழமா? ஹாம்பர்க் மஸ்கட் உண்பதற்கும் ஏற்ற இனம்தான். கம்பத்தில் அதன் முழு வாழ்வும் அதுவே. எனினும் இரு ஊர்களின் நிலையும் ஒன்றாகாது. கம்பத்தில் கொடி உறங்குவதே இல்லை. கவாத்து செய்யும் நாளை மாற்றி மாற்றி, ஆண்டு முழுவதும் ஏதாவதொரு பந்தலில் பழம் இருக்கும்படி உழவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். தெசலியில் கொடி குளிர்காலம் முழுவதும் இலையுதிர்த்து உறங்கி, ஆண்டுக்கு ஒரே முறை காய்க்கிறது. எல்லாருடைய பழமும் கோடை முடிவில் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருகிறது. கூடவே விதையில்லாத பழத்தை விரும்பும் ஐரோப்பியச் சந்தையில், விதையுள்ள மெல்லிய தோல் பழம் தொலைதூரம் பயணிக்கவும் முடியாமல் உள்ளூர் விற்பனையோடு நின்றுவிடுகிறது. மேசைப் பழத்தை உபரி வருமானமாகக் கருதலாம். அதன்மேல் குடும்பத்தைக் கட்ட முடியாது.

ஒயினாக மஸ்கட்டின் நிலை இன்னும் சிக்கலானது. இதன் தோலில் நிறம் குறைவு. வெப்பம் மிகுந்தால் அந்த நிறமும் சரியாக ஏறுவதில்லை. சர்க்கரை ஏறும் வேகத்தில் புளிப்பு இறங்கிவிடும். அதனால் ஆழ்ந்த நிறமும் துவர்ப்பும் எதிர்பார்க்கும் சிவப்பு ஒயினுக்கு இது ஒத்துவராது. பூக்கும் பருவத்தில் குளிரோ மழையோ வந்தால் பிஞ்சுகள் உதிர்ந்து குலையில் பெரிய பழமும் மிளகளவு பழமும் கலந்து நிற்பது இந்த இனத்தின் பழைய குறை. கம்பத்து உழவர்களுக்கும் இது தெரிந்ததே. சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் இதை எளிதில் தாக்கும். ஆனாலும் விடியலுக்கு முன் பறித்து, உடனே குளிரவைத்து, தோலோடு சில மணிநேரமே ஊறவிட்டுப் பிழிந்தால், மணம் மிகுந்த இளஞ்சிவப்பு ஒயின் கிடைக்கும். அந்த வகை ஒயின்கள் திர்னாவோஸ் என்ற புவிசார் பெயரில் வெளிவருகின்றன. மஸ்கட்டை மட்டமானது என்று ஒதுக்குபவர்கள் பலர் அதைக் குளிர்சாதன வசதியோடு கவனமாகச் செய்துபார்க்காதவர்களே என்பது என் கருத்து.

அடுத்தது லிம்னியோனா. முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது: லெம்னோஸ் தீவைச் சேர்ந்த லிம்னியோ வேறு, தெசலியின் லிம்னியோனா வேறு. நாற்று வாங்கப் போகிறவர் இந்த ஓரெழுத்து வேறுபாட்டில் தவறினால் 30 ஆண்டுகள் வருந்த வேண்டியிருக்கும். லிம்னியோனாவின் தாயகம் சமவெளியின் தென்மேற்கு விளிம்பில் உள்ள கர்டிட்சாப் பகுதி. கூடுதல் விளைச்சல் தரும் இனங்களின் பக்கம் உழவர்கள் சாய்ந்த காலத்தில் இது ஏறக்குறைய அழிந்தே போயிற்று. திர்னாவோஸைச் சேர்ந்த கிரிஸ்டோஸ் சஃபிராகிஸ் என்ற ஒயின் உற்பத்தியாளர் எஞ்சிய கொடிகளிலிருந்து இதை மீட்டுத் தம் தோட்டத்தில் நட்டு, தனி இன ஒயினாகப் பாட்டிலில் அடைத்து வெளிக்கொண்டுவந்த பிறகே, இப்படியொரு திராட்சை தெசலியில் இருக்கிறது என்பதைக் கிரேக்கத்துக்கு வெளியே உள்ளவர்கள் அறிந்தார்கள். இப்போது ரப்சானி, கர்டிட்சாப் பகுதிகளிலும் இதை நடுகிறார்கள்.

லிம்னியோனாவின் சிறப்பு, வெப்பமான சமவெளியிலும் புளிப்பைக் கைவிடாமல் வைத்திருப்பதில் இருக்கிறது. பழச்சாற்றின் சர்க்கரையில் லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் நொதித்தால் ஒரு சதவீதச் சாராயம் உண்டாகிறது. வெப்ப நாடுகளின் பல இனங்கள் தோலும் விதையும் முழுமையாகப் பழுப்பதற்குள் சர்க்கரையை மிகையாக ஏற்றிக்கொண்டு, 15 சதவீதத்தைத் தாண்டிய கனத்த ஒயினைத் தருகின்றன. லிம்னியோனாவில் சாராயம் மிதமாக நிற்க, சிவந்த பழங்களின் மணமும் மூலிகை வாடையும் மென்மையான துவர்ப்பும் சேர்ந்து வருகின்றன. சினோமாவ்ரோ என்னும் மற்றொரு கிரேக்கச் சிவப்பு இனத்தைப் போல நாக்கை இறுக்கும் துவர்ப்பு இதில் இல்லாததால், பல ஆண்டுகள் நிலவறையில் காத்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. முதலீடு விரைவில் திரும்ப வேண்டிய ஒரு சிறு குடும்பத்துக்கு இது சாதாரண நன்மை அன்று. புவி வெப்பமாகிவரும் இந்த நூற்றாண்டில், புளிப்பைக் காக்கும் உள்ளூர்ச் சிவப்பு இனம் கையில் இருப்பதை நான் ஒரு செல்வமாகவே கருதுகிறேன்.

இனி அதன் ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது காலம். மஸ்கட் பறித்து முடிந்த பிறகும் லிம்னியோனா கொடியில் நிற்கும். தெசலியின் செப்டம்பர் முன்போல் இல்லை. 2020 செப்டம்பரில் இயானோஸ் புயல் கர்டிட்சாவை வெள்ளக்காடாக்கியது. 2023 செப்டம்பர் தொடக்கத்தில் டேனியல் புயல் கொட்டிய மழையில் பினியோஸ் ஆறு கரையுடைத்து, சமவெளியின் பெரும்பகுதி நாள்கணக்கில் நீரில் கிடந்தது. பழம் முற்றும் வாரங்களில் பெய்யும் கனமழை, தோலை வெடிக்கச் செய்து, குலை அழுகலை அழைத்துவரும். அதனால் லிம்னியோனாவை நீர் தேங்கும் வண்டல் நிலத்தில் நடுவது சூதாட்டம். காற்றோட்டமும் வடிகாலும் உள்ள சரிவில் நட்டு, குலைகளைச் சுற்றியுள்ள இலைகளைக் காலைவெயில் படும் பக்கத்தில் மட்டும் கிள்ளி, மாலைவெயில் பக்கத்தில் நிழலுக்காக விட்டுவைத்தால் அந்த ஆபத்து பெருமளவு குறையும்.

இரண்டாவது ஆபத்து சந்தை. கிலோ கணக்கில் வாங்குபவர்களிடம் லிம்னியோனாவுக்கு நிலையான தேவை உருவாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. இந்தப் பெயரைத் தேடி வாங்குபவர்கள் பெரும்பாலும் பாட்டில் ஒயினின் வாடிக்கையாளர்களே. எனவே சொந்த ஒயின்கூடமோ, நடுவதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளும் ஓர் உற்பத்தியாளரோ இல்லாதவர் இதில் அவசரப்படக் கூடாது. மூன்றாவது, நடவுப் பொருள். மிகச் சில கொடிகளிலிருந்து மீண்டுவந்த இனம் என்பதால், நச்சுயிரிச் சோதனை செய்யப்பட்ட குச்சிகள் கிடைக்குமா என்பதை நாற்றங்காலில் முன்கூட்டியே கேட்டு, பதிவு செய்து காத்திருக்க வேண்டும்.

வெள்ளை இனங்களில் முதலில் பேசப்பட வேண்டியது மலகூசியா. மேற்குக் கிரேக்கத்தின் இந்த இனமும் அழிவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியதே. தெசலோனிகிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வசிலிஸ் லோகோதெடிஸ் சேகரித்துவைத்த கொடிகளிலிருந்து, 1970களில் போர்ட்டோ கராஸ் தோட்டத்தில் வாங்கெலிஸ் யெரோவாசிலியு அதை ஒயினாக வளர்த்தெடுத்தார். இன்று கிரேக்கமெங்கும் அதற்கு நல்ல விலை இருக்கிறது. திர்னாவோஸிலும் அது நன்றாக வருவதைக் காட்டியிருக்கிறார்கள். விரைவில் பழுப்பதால் செப்டம்பர் மழைக்கு முன்பே பறித்துவிடலாம். ஆனால் அதன் புளிப்பு இயல்பிலேயே குறைவு. பறிக்கும் நாள் சற்றுத் தள்ளிப்போனாலும் ஒயின் தளர்ந்துவிடும். செழித்து வளரும் கொடி என்பதால் வண்டல் நிலத்தில் இலைக்காடாகி நோய்க்கு இடம்கொடுக்கும். மேலும், மலகூசியா தருவது மணம் மிகுந்த, இளமையிலேயே குடிக்க வேண்டிய ஒயின். மஸ்கட்டை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு அந்த இடம் ஓரளவு நிரம்பியிருக்கிறது. இரண்டையும் ஒரே சிறு தோட்டத்தில் வளர்ப்பது, ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பாட்டில்களைப் போட்டியாக நீட்டுவதாகும்.

அசிர்டிகோ அதற்கு நேர்மாறானது. சாந்தோரினியின் காய்ந்த எரிமலை மண்ணில் பழகிய அது, வெப்பத்திலும் புளிப்பை விடாது. கிரேக்கத்தின் மற்றப் பகுதிகளிலும் பரவிவிட்டது. விற்பனையில் அதன் பெயரே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் எல்லாரும் நடும் இனத்தைத் தெசலியில் நடுபவர், விலையில் எல்லாரோடும் போட்டியிட வேண்டும். ரொடிடிஸ், பாதிகி என்னும் இனங்கள் இந்தச் சமவெளியின் பழைய துணைவர்கள். நல்ல விளைச்சல் தருபவை. கிலோ கணக்கில் விற்பவருக்கு ஏற்றவை. ஆனால் பாதிகியின் புளிப்பு மிகக் குறைவு. புதிதாக முதலீடு செய்பவர் இவ்விரண்டையும் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பிரெஞ்சு இனங்களைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. கிரேக்கத்தில் 1980களிலும் 1990களிலும் ஷார்டனே, கேபர்னே, மெர்லோ நடும் ஆர்வம் பெருகியது. ஒலிம்பஸ் சரிவில் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிரானியாவில் கட்சாரோஸ் குடும்பம் அவற்றிலிருந்து மதிப்புமிக்க ஒயின்களைச் செய்துவருகிறது. அந்த வெற்றிக்கு மலையின் குளிர் பெருங்காரணம். அடிவாரத்தின் வெப்பத்தில் மெர்லோ அவசரமாகச் சர்க்கரை ஏற்றிக்கொள்ளும். விற்கும்போதோ உலகம் முழுவதும் மலிவாகக் கிடைக்கும் அதே பெயரோடு மோத வேண்டும். நம் எடுத்துக்காட்டுக் குடும்பம் இந்த வழியை எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இங்கே பக்கத்து ஊரான ரப்சானியோடு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒலிம்பஸின் தென்கிழக்குச் சரிவில் உள்ள ரப்சானிக்கு 1971 முதல் பாதுகாக்கப்பட்ட தோற்றப் பெயர் உண்டு; அந்தப் பெயரில் ஒயின் விற்க வேண்டுமானால் சினோமாவ்ரோ, கிராசாடோ, ஸ்டாவ்ரோடோ ஆகிய மூன்றும் கலந்திருக்க வேண்டும். அங்குள்ள உழவருக்கு இனத் தேர்வை விதியே செய்துவிட்டது. திர்னாவோஸ் ஒயினுக்கு இருப்பது தளர்ந்த விதிகளுள்ள புவிசார் பெயர் மட்டுமே. இது சுதந்திரம், கூடவே ஒரு சுமை. ஊர்ப்பெயரின் புகழ் தானாக விலையைத் தூக்கித் தராத நிலையில், இந்த மண்ணுக்கே உரியது என்று சொல்லத்தக்க ஓர் இனத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் நீண்டகாலப் பயன் இருக்கிறது. அந்தத் தகுதி இங்கே மஸ்கட்டுக்கும் லிம்னியோனாவுக்கும் மட்டுமே உண்டு என்று நான் கருதுகிறேன். ஒன்று வந்து குடியேறி ஊரானது. மற்றொன்று இந்த மண்ணிலேயே பிறந்தது.

எதை நடுவது என்பதோடு எப்படி மாற்றுவது என்பதும் செலவைத் தீர்மானிக்கிறது. கொடியை வேரோடு பிடுங்கிப் புதிதாக நட்டால், மூன்றாம் ஆண்டில் சிறிது பழம் கிடைக்கும். முழு விளைச்சலுக்கு ஐந்து ஆண்டுகள் ஆகும். மண்ணில் நச்சுயிரி பரப்பும் நூற்புழு இருந்தால் நிலத்தைச் சில ஆண்டுகள் வெறுமையாகவோ தானியப் பயிரிலோ விட்டுவைக்கவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி 2016 முதல் புதிய ஒயின் தோட்டம் நட அனுமதி வேண்டும். நாடு முழுவதற்குமான விரிவாக்கம் ஆண்டுக்கு ஒரு சதவீத வரம்புக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. பழைய தோட்டத்தைப் பிடுங்குபவருக்கு அதே பரப்பில் மறுநடவு செய்யும் அனுமதி கிடைக்கும். ஆனால் அதற்கான விண்ணப்பத்தை உரிய காலத்தில் கொடுக்காமல் முதலில் இயந்திரத்தை வரவழைப்பவர், அந்த உரிமையையே இழக்க நேரிடும்.

பிடுங்காமலே மாற்றும் வழி ஒன்று உண்டு. வசந்தத்தில் சாறு ஏறும் பருவத்தில் பழைய தண்டைக் குறைத்து வெட்டி, அதன்மேல் புது இனத்தின் குச்சியை ஒட்டுக்கட்டுவது. ஆழமாக ஓடிய 35 ஆண்டு வேர் அப்படியே இருப்பதால், மறு ஆண்டிலேயே சிறிது பழம் வரும். அதற்கடுத்த ஆண்டில் கணிசமான விளைச்சல் கிடைக்கும். தெசலியில் பருத்திக்காகப் பல்லாண்டுகளாக நீர் இறைத்து நிலத்தடி நீர்மட்டம் கீழே போய்விட்ட நிலையில், வறட்சியைத் தாங்கும் பழைய வேரின் மதிப்பு இன்னும் கூடுகிறது. ஆனால் தண்டை வெட்டும்போது உள்மரம் மஞ்சளாகி, கடற்பஞ்சு போல் மென்மையாகி இருந்தால், அது கிரேக்கர்கள் இஸ்கா என்று அழைக்கும் தண்டு நோய். அந்தக் கொடியில் ஒட்டுக்கட்டுவது உழைப்பை வீணாக்கும். ஆகவே முழுத் தோட்டத்தையும் ஒட்டுக்குத் தயார் செய்வதற்கு முன், வரிசைக்கு இரண்டு மூன்று பலவீனமான கொடிகளை வெட்டிப் பார்த்து நோயின் அளவை அறிந்துகொள்ள வேண்டும்.

இப்போது அளவுக் கணக்கு ஒன்று. ஒரு கிலோ திராட்சையில் ஏறத்தாழ 0.68 லிட்டர் ஒயின் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 ஸ்ட்ரெம்மாவையும் மாற்றி, ஸ்ட்ரெம்மாவுக்கு ஒரு டன் வீதம் விளைவித்தால், ஏறத்தாழ 13,600 லிட்டர் கிடைக்கும். 750 மில்லி பாட்டிலில் 18,000க்கும் மேல். இதுவரை ஒரு பாட்டிலும் விற்றிராத குடும்பம் ஒவ்வோர் ஆண்டும் 18,000 பாட்டில்களுக்கு வாங்குபவர்களைத் தேட வேண்டும். தொட்டி, பீப்பாய், குளிர்சாதனம் ஆகியவற்றுக்குக் கடன் வாங்க வேண்டும். அதே குடும்பம் சரிவிலுள்ள 8 ஸ்ட்ரெம்மாவை மட்டும் மாற்றி, குலைகளைக் கழித்து ஸ்ட்ரெம்மாவுக்கு 800 கிலோவோடு நிறுத்தினால், ஏறத்தாழ 5,800 பாட்டில்கள் வரும். ஏதன்ஸிலும் தெசலோனிகியிலும் உள்ள சில உணவகங்களையும் கடைகளையும் நேரில் சென்று பழகினால் விற்றுவிடக்கூடிய அளவு அது.

ஆகவே நான் அந்த இடத்தில் இருந்தால் சரிவிலுள்ள 8 ஸ்ட்ரெம்மாவில் நோயற்ற கொடிகளின்மேல் லிம்னியோனாவை ஒட்டுக்கட்டுவேன். நோய் கண்ட இடத்தில் மட்டும் பிடுங்கி மறுநடவு செய்வேன். ஆற்றோர 12 ஸ்ட்ரெம்மாவில் மஸ்கட்டை வைத்துக்கொண்டு, அதன் ஒரு சிறு பங்கை இளஞ்சிவப்பு ஒயினாகவும் பெரும்பங்கைச் சிபுரோவுக்காகவும் ஒதுக்குவேன். அதன் வருமானம் பெரிதாக இராவிட்டாலும், ஒட்டிய கொடிகள் காய்ப்புக்கு வரும்வரை வீட்டுச் செலவையும் கூலியையும் அது தாங்கும். சொந்த ஒயின்கூடத்துக்கு வாய்ப்பே இல்லாதவருக்கும், ஒப்பந்தம் செய்ய யாரும் முன்வராதவருக்கும் என் பரிந்துரை வேறு: மஸ்கட்டையே தொடர்ந்து, பட்டுப்போன இடைவெளிகளை நிரப்பி, நோய் மேலாண்மையில் பணத்தைச் செலவிடுவதே அவர்களுக்கு நல்லது.

இரு வழியில் எதை எடுத்தாலும், ஒரு வேலையை அடுத்த அறுவடைக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். 35 ஆண்டுகள் நின்ற தோட்டத்தில் எல்லாக் கொடிகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில கொடிகளில் பிஞ்சு உதிர்வது குறைவாக இருக்கும். சிலவற்றில் நிறம் முழுமையாக ஏறும். சிலவற்றை நோய் அண்டாது. ஆகஸ்ட் முடிவில் பழம் கொடியில் நிற்கும்போது தந்தையை உடன் அழைத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து, அவர் நல்லது என்று காட்டும் கொடிகளின் தண்டில் வண்ணத்துணி கட்டிவைக்க வேண்டும். குளிர்காலக் கவாத்தின்போது அந்தக் கொடிகளின் குச்சிகளை மட்டும் தனியே வெட்டி, ஈர மணலில் பதித்து, நச்சுயிரிச் சோதனைக்கு அனுப்பிய பிறகே எந்தத் தண்டிலும் ரம்பத்தை வைக்கலாம்.